போனை ரூமிலேயே வைத்துவிட்டுப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். ஏற்கெனவே அதில் உனக்கு வந்து குவிவது போதாதா என்று தபாலில் போடுகிறேன். நிதானமாகப் படி.

அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆயா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேறு சேதி இல்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேலும் நீ ஆன்லைனில் இருக்கிறாய். வேவு பார்க்கவில்லை, தூக்கம் வராமல் போனை எடுத்தால் கண்ணில் படுகிறது. படிக்கிறாயா என்று கேட்டால் "ஆரம்பிக்கணும்மா" என்கிறாய். போன மாதமும் இதையேதான் சொன்னாய்.

எங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு விஷயம் சொன்னார்கள். அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கவனமாகச் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, நடுவில் அவர்கள் போனுக்கு அழைப்பும் மெசேஜும் அனுப்பியிருக்கிறார்கள். போனைத் தொடாமலே இருந்தும் தவறுகள் கூடிவிட்டன. என்ன வந்திருக்கும் என்று மனசு போய்விடுகிறது, அவ்வளவுதான். 2017இல் டெக்சாஸில் வந்த ஆய்வில், போனைச் சைலன்ட்டில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட அடுத்த அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். சைலன்ட்டில்தானே இருக்கிறது என்பாயே, அது போதாது. படிக்கப் போகும்போது போனை ரூமிலேயே வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போ.

நீ சோம்பேறி இல்லை. சின்ன அத்தை கல்யாணத்தில் அத்தனை மேளச் சத்தத்திலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து இயற்பியல் படித்தவள். இன்னமும் ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை எங்கே போனது? கோபித்துக்கொள்ளாதே, கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் வகுப்பிலும் பார்க்கிறேன். தள்ளிப்போடுகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பயத்தால்தான் தள்ளுகிறார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசையும். அந்த நேரம் பார்த்து டிங் என்று ஒரு சத்தம் வந்தால், தப்பித்தோம் என்று அதன் பின்னால் போய்விடத் தோன்றும். ரீல்ஸோ முடிவே இல்லாமல் ஓடும்படி செய்து வைத்தது. அப்புறம் விடிந்துவிடும், பயம் இன்னும் பெரிதாகியிருக்கும். உன் மனஉறுதியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், போனை ரூமிலேயே வை. முதல் நாள் ஒரே ஒரு கணக்குப் போட்டால் போதும். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

மூன்றாம் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்தது எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அவள் மேல் கோபப்படவும் வேண்டாம். அப்பாவிடம் சொல்லவில்லை. நீயே சொல், உன் அண்ணன் விஷயத்தில் குதித்தமாதிரி குதிக்க மாட்டார். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு? பணம் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா