சைட் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள ராசு,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை உன் பையனோடு போய், பெருந்துறைப் பக்கம் நீ சொன்ன அந்த 5 சென்ட் சைட்டைப் பார்த்தேன். கிழக்குப் பார்த்த மனை, தண்ணீரும் பரவாயில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற, துணி வெளுக்கிற சலவைப் பட்டறையைப் பற்றித்தான் புரோக்கர் வாயே திறக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். ஷெட்டுக்குள் மஞ்சள் பெயிண்ட் அடித்த குளோரின் டன்னர், அதாவது பெரிய இரும்பு உருளை, மூன்று கிடந்தன. ஒன்றுக்கு 900 கிலோ விஷவாயு. பதினோரு வருசம் அதோடு மல்லுக்கட்டினவன் நான். காலையில் போனதும் அம்மோனியாவில் நனைத்த துணியை வால்வுக்குப் பக்கத்தில் காட்டுவோம். வெள்ளைப் புகை எழுந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

"கசிஞ்சா ஆடிக் காத்துல எல்லாம் இங்கதான் வருமுங்களா மாமா?" என்றான் பையன். எனக்குப் பயம் மார்கழி விடியற்காலைதான். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற ஆடிக் காற்று அதைக் கலைத்துவிடும். காற்றசையாத குளிர் ராத்திரியில் தரையோடு படுத்துப் பள்ளத்தைப் பார்த்துப் போகும். நீ கேட்கிற சைட்டோ பள்ளத்தில் இருக்கிறது.

அபாயகரமான ரசாயனங்களுக்கு நம் நாட்டில் போட்ட 1989 விதிகளில் குளோரின் 10 டன் இருந்தால்தான் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தை எடுத்துச் சொல்வது, ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவசரத் திட்டம் போடுவது எல்லாம் கட்டாயம். மூன்று டன்னர் அந்தக் கணக்கில் எங்கே வரும்? அப்ரூவல் பேப்பரையும் புரட்டினேன். ரோட்டு அகலம் இருக்கிறது, பார்க் இருக்கிறது, பட்டறையைப் பற்றி ஒரு வரி இல்லை.

பட்டறைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவர் வந்தபோது சுற்றிலும் சோளக்காடு. நாம்தான் வீட்டைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம். பிரான்சில் துலூஸ் உரத் தொழிற்சாலை 1924-இல் ஊருக்கு வெளியே வந்ததுதான். ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 2001-இல் அமோனியம் நைட்ரேட் வெடித்து 31 பேர் போனார்கள். அப்புறம்தான் 2003-இல் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட ஆலைகளைச் சுற்றி எங்கே வீடு கட்டக் கூடாது என்று கோடு கிழித்தார்கள். ஆபத்து அதிகமான இடங்களில், ஏற்கெனவே குடியிருப்பவர் தன் வீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி விலை வாங்கலாம். நம் ஊரில் வீட்டை யாரிடம் போய்க் கொடுப்பது, சொல்லு?

அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. சென்னிமலைப் பக்கம் மேட்டுக்காட்டில் ஒரு இடம் விலைக்கு வந்திருக்கிறது, சென்டுக்குக் கொஞ்சம் கூடத்தான். மாரியம்மன் நோம்பிக்கு வருவாய் அல்லவா, சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
சுப்பிரமணி