டிஸ்க் எழுத மறுத்தால் கணக்கு என்னாகும்?

ஆசிரியருக்கு,

பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் மீன் கொள்முதல், ஐஸ், டீசல் கணக்குகள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. உப்புக்காற்று கேபிள் முனைகளை அரிக்கும் கரை இது. கணக்கு மென்பொருள் விற்போர், ஹார்டு டிஸ்க் எழுத மறுத்தால் என்ன நடக்கும் என்று சோதித்துக் காட்டிய பிறகே நிறுவ வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்காக டிஸ்க்கைக் கெடுக்க வேண்டியதில்லை. 1 ஜிபி காலிக் கோப்பை லூப் சாதனமாக, அதாவது டிஸ்க் போலவே நடக்கும் கோப்பாக, இணையுங்கள். 512 பைட் செக்டார் (டிஸ்க்கின் சிறு அலகு) கணக்கில் அதன் நீளம் 2097152; அட்டவணையில் இதைத் தர வேண்டும். அதன்மேல் டிவைஸ் மேப்பரில் (டிஸ்க்குக்குப் போவதை இடையில் நின்று கையாளும் லினக்ஸ் வசதி) எல்லாவற்றையும் அப்படியே கடத்தும் 'லீனியர்' அட்டவணை போட்டு, எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை அமைத்து, மென்பொருளை ஓடவிடுங்கள். பிறகு அந்தச் சாதனத்தை இடைநிறுத்தி, வேண்டுமென்றே கோளாறு காட்டும் 'ஃப்ளேக்கி' அட்டவணைக்கு மாற்றுங்கள்: 30 நொடி ஒழுங்கு, 5 நொடி கோளாறு. கோளாறு நேரத்தில் 'எரர் ரைட்ஸ்' என்ற தேர்வு, எழுத வந்தால் பிழையைத் திருப்பும். 'டிராப் ரைட்ஸ்' எழுதியதாகச் சொல்லி விழுங்கிவிடும். இடைநிறுத்தும்போது 'நோ லாக் எஃப்எஸ்' (கோப்பு முறைமையை உறையவைக்காதே) என்ற தேர்வு தேவை. இல்லையேல் நினைவகத்தில் நின்ற தரவு முன்பே டிஸ்க்குக்குப் போய், சோதனை வீணாகும். ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் பதிவேடு) எழுதத் தவறினால் எக்ஸ்ட்4 எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும். 5 நொடி கடந்தாலும் தானாகத் திரும்பாது. கோப்பு முறைமையை அவிழ்த்து மறுபடி மவுன்ட் செய்ய (இணைக்க) வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் 'எஃப்சிங்க்', அதாவது நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு. சாதாரண 'ரைட்' (எழுதும் அழைப்பு) நினைவகத்தோடு முடிந்து வெற்றி என்கிறது. டிஸ்க்கின் பிழை எஃப்சிங்கில்தான் தெரியும். அதைப் பொருட்படுத்தாமல் மீண்டும் அழைத்தால் வெற்றி என்றே வரக்கூடும், தரவோ போயிருக்கும். 2018-இல் இது பெரிதாகப் பேசப்பட்டபின், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், எஃப்சிங்க் தவறினால் சர்வரையே நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைத்த பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டது.

எஃப்சிங்க் தவறிய பதிவுக்கு ரசீது அச்சானால், மீனவரின் பணம் பதிவாகவில்லை என்று பொருள். அந்த மென்பொருளை வாங்காதீர்கள்.

வாசகர், மண்டபம்