ரோஸ்லினுக்கு: டிவித் திருப்பலியும் நம் பிள்ளைகளும்

தூத்துக்குடி,
ஜூலை

அன்புள்ள ரோஸ்லின்,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்கார அண்ணனுக்கு இப்போதைக்கு மாற்றல் கிடையாது என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. கோவிலுக்குப் போக இரண்டு மணி நேரம் பஸ், அங்கும் தமிழ்ப் பூசை இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது, ஆனாலும் கட்டிலைவிட்டு அதிகம் எழுந்து நடக்க விடுவதில்லை. என் மூத்தவன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதை யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறாள்.

டிவியில் திருப்பலி ஓடும்போது உன் சின்னவன் சோபாவில் தலைகீழாகத் தொங்குகிறான், பெரியவள் ரிமோட் கேட்கிறாள், கடைசி ஆசீர் வருவதற்குள் வீடே சண்டைக்களமாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளுக்கு பக்தி இல்லையோ என்று நீ கவலைப்படவே வேண்டாம். கோவிலில் அவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பார். மணிச்சத்தம், சாம்பிராணிப் புகை, முன்வரிசைப் பாட்டியின் முக்காடு, எழுவதும் முழந்தாளிடுவதும், பாடகர் குழுவில் தெரிந்த அக்கா. டிவி இவ்வளவையும் எடுத்துக்கொண்டு ஒரு முகத்தையும் ஒரு குரலையும் மட்டும் தருகிறது. எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தையாவது வீட்டில் நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும், காத்திருக்க ஒரு நேரம் வேண்டும்.

காத்திருப்பது என்றதும் கடந்த 2025 மே 8ஆம் தேதி இரவுதான் நினைவுக்கு வருகிறது. பிரான்சிஸ் பாப்பரசர் ஏப்ரல் 21ஆம் தேதி இறந்த பிறகு புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க 133 கர்தினால்கள் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் போனார்கள் அல்லவா? முதல் நாள், யாரும் தேர்வாகவில்லை என்று காட்டும் கரும்புகை வந்தபோது நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது, பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். மறுநாள், பள்ளி விடுமுறைதானே என்று அவர்களை விழித்திருக்க விட்டேன். திரையில் ஒரு கூரை, ஒரு புகைபோக்கி, அவ்வளவுதான். ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லை. ஆனால் அந்தக் கூரையில் கடற்புறாக்கள் வந்து உட்கார்ந்தன, கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சும். சின்னவள் டிவிக்கு அருகில் போய் நின்று, "அதுக்கு யாரும்மா சோறு குடுப்பாங்க?" என்றாள். மூத்தவன் அப்பாவைத் துளைத்து எடுத்தான். வாக்குச்சீட்டுகளை அடுப்பில் போட்டு எரிப்பார்கள், புகை தெளிவாகக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரிய ரசாயனம் சேர்ப்பார்கள் என்று சொன்னதும் அவன் கண்கள் விரிந்துவிட்டன.

நம் நேரப்படி ஒன்பதரை மணி தாண்டி, பாப்பரசர் தேர்வாகிவிட்டார் என்று சொல்லும் வெண்புகை வந்தது. இரண்டும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாடத்துத் திரை விலகவில்லை, ஆனாலும் ஒருவரும் தூங்கப் போகவில்லை. புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ வெளியே வந்து "உங்கள் அனைவருக்கும் சமாதானம்" என்று தொடங்கினார். கடைசியில் இத்தாலிய மொழியில் அருள்நிறை மரியே சொன்னார் பார், "ஆவே மரியா", அதாவது "மரியே வாழ்க" என்ற முதல் இரண்டு சொல் காதில் விழுந்ததும் மூத்தவன் துள்ளி எழுந்து, "அம்மா, நம்ம கொடியேத்தத்துல கத்துவோமே, அதுதான்!" என்றான். திருச்சபை என்பது உலகம் முழுவதும் பரந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் அவனுக்குச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். அன்றிரவு அதை அவனே கண்டுகொண்டான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லா ஞாயிறும் வெண்புகை வராது, உண்மைதான். அத்தைக்காக எங்கள் வீட்டிலும் டிவித் திருப்பலி உண்டு என்பதால் நாங்கள் செய்வதை எழுதுகிறேன். சோபாவில் யாரும் உட்காருவதில்லை, தரையில் பாய் விரித்துவிடுகிறோம். கார்ட்டூன் பார்க்கும் இடத்திலிருந்தே பூசையும் பார்த்தால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் வெள்ளைத் துணி, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி. முக்காலியைத் தயார் செய்வது சின்னவள் பொறுப்பு, திரியேற்றுவது மூத்தவன் பொறுப்பு, நான் பக்கத்தில் நிற்பேன். குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சின்னவள் கைமணியை அடிப்பாள். அந்த ஒரு மணிக்காக முழுப் பூசையையும் கவனித்துக்கொண்டிருக்கிறாள்! "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றால் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. வாசகத்தை முந்தின நாள் இரவே கதையாகச் சொல்லிவிடுவேன். மறையுரை நீண்டால் சிலேட்டில் அந்தக் கதையை வரையலாம், பேசக் கூடாது. கைபேசியில் மட்டும் போடாதே, நடுப்பூசையில் சோப்பு விளம்பரம் வந்துவிட்டால் மீண்டும் அவர்களை அமர்த்துவது பெரும்பாடு.

இன்னொன்று. பிள்ளைகள் விழித்திருக்கும்போது குணமளிக்கும் கூட்டங்களின் ஒளிபரப்பை நான் போடுவதில்லை. பேயை விரட்டுகிறேன் என்று கத்துவதும், மனிதர்கள் கீழே விழுந்து புரள்வதும், நடுவில் காணிக்கை கேட்பதும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடவுளைக் காட்டாது, பயத்தைத்தான் காட்டும். உறவுக்காரர் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். 2020 மார்ச் 27ஆம் தேதி கொரோனா காலத்தில், மழையில் நனைந்த வெறும் வத்திக்கான் சதுக்கத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் தனியாக நின்று ஜெபித்ததைப் பார்த்தாரே, அன்றுதான் அத்தைக்கு டிவி வழியாகவும் ஜெபிக்க முடியும் என்ற நம்பிக்கை வந்தது. இப்போது கட்டிலில் இருந்தபடியே எல்லாப் பதிலும் சொல்கிறார், நற்கருணை நேரத்தில் கண்ணை மூடி, மனதாலேயே நற்கருணையை ஏற்கும் ஆசை நன்மை வாங்குகிறார். பூசை முடிந்ததும் பிள்ளைகள் கட்டிலருகே போய் நிற்பார்கள், நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அறிவித்தது ஏன் தெரியுமா? அசிசியில் நோயில் படுத்திருந்த கிளாரா, போக முடியாத கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியைத் தன் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. மூத்தவனுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், "பாட்டியும் கிளாராவும் ஒண்ணு" என்பான்.

ஆனால் நமக்குக் கால் நன்றாக இருக்கிறது ரோஸ்லின். டிவியில் நற்கருணை வாங்க முடியாது. மாதம் ஒரு முறையாவது அந்த இரண்டு மணி நேர பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். உன் பாயும் முக்காலியும் அதற்குத்தானே பழக்குகின்றன? அங்குள்ள பங்குத்தந்தையிடம் பேசிப் பார், சுற்றுவட்டாரத்தில் வேறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நம் சிறுவயதில் உங்கள் வீட்டு ரேடியோவில் பிலிப்பைன்ஸிலிருந்து வரும் வேரித்தாஸ் வானொலியை உன் அப்பா முள்ளைத் திருகித் திருகிப் பிடிப்பாரே. பாதி இரைச்சல், பாதி தமிழ். உன் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்பார், நாம் இருவரும் அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருப்போம். அந்த நிகழ்ச்சிகளில் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட நினைவில்லை, உன் அம்மாவின் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வருகிற 26ஆம் தேதி பனிமய மாதா கொடியேற்றம். நேரலை உண்டு, சுட்டியை அனுப்பிவைக்கிறேன். அண்ணனை அன்று கொஞ்சம் தாமதமாக வேலைக்குப் போகச் சொல். நீலமும் வெள்ளையுமாகக் காகிதத்தில் இரண்டு கொடி செய்து பிள்ளைகள் கையில் கொடுத்துவிடு. கொடி மேலே ஏறும்போது பழைய துறைமுகத்திலிருந்து சங்கொலி வரும், அது கேட்டதும் இருவரையும் "மரியே வாழ்க" என்று கத்தச் சொல், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காதே. நான் கூட்டத்தில் நின்றபடியே உனக்கு போன் செய்கிறேன், சத்தத்தை அவர்களும் கேட்கட்டும். திருவிழாக் கடையில் இருவருக்கும் ஜெபமாலை வாங்கப் போகிறேன், சின்னவனுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு உடனே எழுது. ஆகஸ்ட் 5ஆம் தேதித் திருவிழாவோடு கடையில் நல்லவை எல்லாம் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
உன் தோழி