புள்ளி மட்டும் போதாது, கோடும் போடுங்கள்: நகரத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. பூங்காக்களைப் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் உங்கள் வரைபடத்தில், ஒரு பூங்காவிலிருந்து அடுத்த பூங்காவுக்குப் போகும் வழி எங்கே? போன வரைவில் கால்வாய்க் கரையோரம் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று இருந்தது. இந்த முறை அது சாம்பல் நிறமாகி 'எதிர்காலச் சாலைப் பயன்பாடு' என்று பெயரும் மாறியிருக்கிறது. ஏன் என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

பின்னணியெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் அந்தக் கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனைப் பூங்காவுக்கும் ஏரிப் பூங்காவுக்கும் நடுவே, தூர்வாரும் வண்டிகளுக்காகப் போட்ட நல்ல மண்பாதை இருக்கிறது. இரண்டு முனையிலும் இரும்புக் கதவு, பூட்டு. நிலம் ஒரு துறைக்கு, மரங்கள் இன்னொரு துறைக்கு, சாவி மூன்றாவது துறையிடம். ஆகவே சக்கர நாற்காலியில் இருக்கும் என் அப்பாவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக, பிரதான சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும். நடைபாதை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்து நின்றுவிடும். நாற்காலியைச் சாலையில் இறக்கினால் முதுகுக்குப் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும். சிக்னலில் கடந்து போய், முன்சக்கரம் எதிர்ப்பக்க விளிம்புக்கல்லில் முட்டி நிற்கும்போதே விளக்கு மாறிவிடும். எல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், பைக் நுழையாமலிருக்கப் பூங்கா வாசலில் கம்பி நட்டு வைத்திருக்கிறார்கள். நாற்காலியும் நுழையாது. அப்பா கோபப்பட மாட்டார். "சரி, திருப்பு" என்பார், அவ்வளவுதான்.

அறிக்கையின்படி நாங்கள் பூங்காவுக்கு 'மிக அருகில்' வசிப்பவர்கள். நேர்க்கோட்டில் அளந்தால் உண்மைதான், காக்கைக்குப் பொருந்தும். வீட்டிலிருந்து 3 மரங்கள் கண்ணில் பட வேண்டும், வட்டாரத்தில் 30 சதவீதம் மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும் என்ற '3-30-300' விதியை 2021-இல் கோனைனென்டைக் என்ற நகர்ப்புற வன ஆய்வாளர் முன்வைத்தார். அந்த 300 மீட்டரை ஒருமுறை காலால் அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

யாரும் செய்யாத எதையும் கேட்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓல்ம்ஸ்டெட் என்ற பூங்கா வடிவமைப்பாளர் 1878-இல் தொடங்கிய பூங்காத் தொடரை 'மரகத மாலை' என்பார்கள். அதன் முதல் வேலையே, கழிவுநீர் தேங்கி நாறிய சதுப்பு நிலத்தைச் சீர்செய்து வெள்ளத்தைச் சமாளிப்பதுதான். வடிகாலும் பூங்காவும் அங்கே ஒரே வேலையாக நடந்தன. சிங்கப்பூர் 1990களிலிருந்து கால்வாயோர வடிகால் நிலத்தையும் சாலையோர ஒதுக்கீட்டையும் வைத்தே பூங்கா இணைப்புப் பாதைகளை அமைத்துவருகிறது. இன்று அவற்றின் நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016-இல் தொடங்கி, சாலைகளையும் நீரோடைகளையும் ஒட்டி 30 பசுமைத் தடங்களை உருவாக்கியது. வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்ததாக அந்த நகர நிர்வாகமே சொல்கிறது. நம் கரையும் அதே மாதிரி நிலம்தான், பூட்டு ஒன்றுதான் கூடுதல்.

மனிதர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. சிறியதாகவும் ஒதுங்கியும் இருக்கும் தீவில் உயிரினங்கள் குறைவாகவே தங்கும் என்று மக்கார்தர், வில்சன் என்ற இரண்டு உயிரியல் ஆய்வாளர்கள் 1967-லேயே எழுதிவிட்டார்கள். நாலு பக்கமும் தார்ச்சாலை சூழ்ந்த பூங்காவும் கிட்டத்தட்ட அந்த நிலைமையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி இனம் அழிந்தால், வேறிடத்திலிருந்து வந்து சேர்வது கடினம். அதனால்தான் திரும்பத் திரும்பக் கோடு, கோடு என்கிறேன்.

நீங்களோ பசுமைப் பரப்பு இலக்கை எட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சாலை நடுத்திட்டில் இருக்கும் அரளிச்செடியும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. அங்கே போய் உட்கார அனுமதி உண்டா என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும். பூங்காவுக்குப் பூங்கா செல்ஃபி மேடை, திறப்பு விழாக் கல்வெட்டு, அப்புறம் வெயில் கொளுத்தும் மத்தியான நேரத்தில் கதவடைப்பு. மேம்பாலம் என்றால் எல்லாத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகின்றன, ஒரு பூட்டைத் திறக்க மட்டும் கோப்பு ஊர் சுற்றுகிறது. மன்னிக்க வேண்டும், மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கேட்பது இதுதான். இறுதித் திட்டத்துக்கு முன் கால்வாய்க் கரைக் கோட்டைத் திரும்பப் போடுங்கள். பூங்காவுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பை அந்தக் கோட்டுக்கும் கொடுங்கள். அது எத்தனை மீட்டர் அகலம், எந்தத் துறை பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் விளிம்புக்கல்லைத் தாழ்த்தி, சிக்னல் நேரத்தைக் கூட்டித் தாருங்கள். அதுவரைக்கும் பகல் நேரத்திலாவது அந்த இரண்டு கதவுகளையும் திறந்து வைக்க ஏற்பாடு செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் இடத்தை இன்னும் அறிவிக்கவில்லை. அப்பாவும் வந்து பேச விரும்புகிறார். வாசலில் படிக்கட்டு இல்லாத கூடமாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கால்வாய்க் கரையோரம் வசிக்கும் ஒருவர்