பாவித்த கூம்புத் தாங்கிகள் வாங்குவோர், விற்போர் கவனத்திற்கு

குழு உறவுகளுக்கு வணக்கம். இஞ்சிப் பியர், வினாகிரி செய்பவர்களிடையே பாவித்த எவர்சில்வர் கூம்புத் தாங்கிகள் (புளிக்க வைக்கும், அடி கூம்பான தாங்கிகள்) கை மாறுகின்றன. நல்ல விசயம். ஆனால் படத்தை மட்டும் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள்.

போன வருசம் நானும் அப்படித்தான் 30 லீற்றர் தாங்கி ஒன்று வாங்கினேன். வெளியே பளபளப்பு. உள்ளே கூம்பும் அடி வால்வும் சேரும் வெல்டிங்கில் ஊசி முனையளவு குழிகள். அதற்குள் அழுக்குத் தங்கி இரண்டு தடவை முழுத் தொகுதியும் கெட்டுப்போனது. இப்படிக் குழி விழ, குளோரின் கலந்த பிளீச்சால் கழுவுவது பெரும்பாலும் காரணம்.

ஆகவே டோர்ச் அடித்து உள்ளே வடிவாகப் பாருங்கள். பிறகு நீர் நிரப்பி ஒரு இரவு விடுங்கள், கசிவு தெரியும். வால்வை முழுதாகக் கழற்ற முடியாவிட்டால் வாங்க வேண்டாம். காந்தம் ஒட்டினால் நல்ல எவர்சில்வர் இல்லை என்ற காந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். நல்ல 304 வகை எவர்சில்வர் தகடும் வளைத்த இடத்தில் காந்தத்தை லேசாக இழுக்கும். வெள்ளைப் படிவு எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் தருவது, சிற்றிக் அமிலத்தில் போய்விடும்; அதற்காக விலையைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

விற்பவர்கள் கொள்ளளவு, வால்வு பூட்டும் கிளாம்ப் அளவு, உட்புறப் படம் மூன்றையும் போடுங்கள். ரப்பர் வாசர்களை வாங்குபவர் புதிதாக மாற்றட்டும், பழைய மணம் அதில்தான் நிற்கும்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது சட்டப்படி குற்றம். அதற்கான விளம்பரங்களை நீக்கிவிடுவேன்.