வின்னிபெக்கில வைக்கிறதுக்கு ஒரு சிவப்பு ரோசா

மகளுக்கு,

நீ வாட்ஸப்பில அனுப்பின படமெல்லாம் பாத்தன், வளவு நல்ல பெரிசு, தெற்குப் பக்கம் மறைக்கிறதுக்கு ஒரு மரமும் இல்லை, அது நல்லது. அம்மா வேலியைப் பாத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவ, அதை அவ போனில சொல்லுவா. நான் ரோசாவைப் பற்றி மட்டும் எழுதுறன், ஏனெண்டா போனில சொன்னா ஓம் அப்பா ஓம் அப்பா எண்டுபோட்டு அடுத்த கிழமை திரும்பவும் அதையே கேப்பாய்.

இஞ்ச டிரைவ்வே கரையில நிக்கிற சிவப்பு ரோசா மாதிரியே ஒண்டு வேணும் எண்டு கேட்டனீ. அது உனக்கு வேண்டாம். அது நொக் அவுட், விஸ்கொன்சின்ல வில்லியம் ராட்லர் எண்டவர் உருவாக்கினது, 2000ஆம் ஆண்டு விக்கத் தொடங்கினவை. இலையில கரும்புள்ளி லேசில வராது, வாடின பூவைக் கிள்ளாட்டியும் பனி கொட்டும் வரைக்கும் பூக்கும், அதாலதான் அமெரிக்காவில காஸ் ஸ்ரேசன் வாசல், பாங்க் வாசல் எல்லாம் உதுதான் நிக்குது. எல்லாம் சரி, ஆனா அது சோன் 5 கண்டு. சோன் எண்டா ஊர்க் குளிரின்ர கணக்கு, எண் குறையக் குறையக் குளிர் கூட. இஞ்ச எங்கட ஸ்காபரோவுக்குக் காணும். நீ இப்ப இருக்கிறது சோன் 3, 4, மைனஸ் 30க்குப் போற ஊர். கடையில அங்கயும் வச்சு விப்பினம், நம்பி வாங்கிப்போடாதை, வாங்கினா வருசா வருசம் புதுசு வாங்கவேண்டி வரும்.

உனக்குத் தெரியுமோ தெரியாது, உனக்குத் தேவையான ரோசா உனக்குப் பக்கத்தில பிறந்தது. உன்ர வீட்டில இருந்து தென்மேற்கால கார்ல ஒண்டரை மணித்தியாலம் ஓடினா மோர்டன் எண்ட சின்ன ஊர் வரும், அங்க 1915இல இருந்து அரசாங்கத்தின்ர விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க ஹென்றி மார்ஷல் எண்டவர் என்ன செய்தவர் எண்டா, பிரெய்ரிப் புல்லுக்குள்ள தானா முளைச்சு நிக்கிற காட்டு ரோசா ஒண்டு இருக்கெல்லே, ஆர்கன்சானா எண்டு அதுக்குப் பேர், அதை எடுத்து தோட்டத்து ரோசாவோட கலந்து கொண்டுவந்தவர். அந்தக் காட்டு ரோசா குளிருக்கு மேல எல்லாம் பட்டுப்போனாலும் வேரில இருந்து வெடிச்சு அதே வருசம் பூக்கிற சாதி. அந்தக் குணந்தான் மோர்டன் கண்டுகளுக்கும் வந்திருக்கு, பார்க்லாண்ட் ரோசா எண்டு சொல்லுவினம்.

சிவப்பில எனக்குப் பிடிச்சது கத்பேர்ட் கிராண்ட். 1967, கனடாவின்ர நூறாவது வருசம் வந்தது, கடும் சிவப்பு, கிட்டப் போய்ப் பாத்தா வெல்வெற் துணி, வாசமும் இருக்கு. பேர் ஒரு மெற்றி தலைவற்ற பேர், மெற்றி எண்டா பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து வந்த சனம், 1816இல செவன் ஓக்ஸ் சண்டையில முன்னுக்கு நிண்டவர், அந்தச் சண்டை நடந்த இடம் இப்ப உங்கட வின்னிபெக்குக்குள்ளதான் இருக்கு, ஒருநாள் போய்ப் பார். ஆனா இந்தக் கண்டு இப்ப எல்லா நேர்சரியிலயும் கிடைக்காது. கிடைக்காட்டி ஹோப் ஃபோர் ஹியூமானிற்றி கேள், 1995இல வந்தது, கனேடிய செஞ்சிலுவைச் சங்கத்தின்ர நூற்றாண்டுக்கு வச்ச பேர், இடுப்பளவு கூட வராது, ஜன்னலுக்குக் கீழ வைக்கிறதுக்கு அதுதான் அளவு. புதுசா வேணுமெண்டா 2017இல ஒன்ராறியோவில இருக்கிற வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையக்காரர் விட்ட கனேடியன் ஷீல்ட், அதுவும் சிவப்பு, அதுவும் சோன் 3. நான் வச்சுப் பாக்கேல்லை, அதால கூடச் சொல்லேல்லை.

எக்ஸ்ப்ளோரர் ரோசா எண்டும் நேர்சரியில காட்டுவினம். ஜோன் காபொற், ஷாம்ப்லேன், ஃப்ரொபிஷர், கடலோடி வந்து நாடு தேடின ஆக்கள், நீ ஏழாம் வகுப்பில பாடமாக்கி அழுத பேருகள்தான் எல்லாம். அது ஒட்டாவாவில பெலிசிற்றாஸ் ஸ்வைடா எண்ட அம்மா செய்தது, வியன்னாவில இருந்து வந்தவ. கண்டுகளை விண்ரர்ல மூடிக் கட்டாம, மருந்து அடிக்காம வெளியில விட்டு, எது தப்பி வந்துதோ அதை மட்டும் வச்சு மேல கொண்டுபோனவ. எனக்கு அந்த மனிசியில பெரிய மரியாதை. ஆனா ஷாம்ப்லேன் நல்ல சிவப்பு எண்டாலும் குளிருக்கு மற்றதுகளை விடக் கொஞ்சம் மெலிவு, உனக்கு மோர்டன் கண்டுதான் சரி.

வாங்கேக்க ஒண்டு மட்டும் பார், சொந்த வேரில நிக்கிற கண்டோ ஒட்டுக் கண்டோ எண்டு. லேபல்ல ஓன் ரூட் எண்டு இருக்கவேணும். இல்லாட்டிக் கேள், வெக்கப்படாதை. ஒட்டுக் கண்டு எண்டா மேல நிக்கிறது ஒரு சாதி, வேர் வேற சாதி, குளிர்ல மேல இருக்கிறது செத்தா கீழ இருக்கிறது எழும்பி வரும். கனபேர் நான் மஞ்சள் வச்சன், இப்ப வருசத்தில ஒருக்கா மட்டும் கடும் சிவப்பாப் பூக்குது எண்டு சொல்லுறது உதுதான், அது டாக்டர் ஹூய் எண்ட அடிக்கண்டு. சொந்த வேர் எண்டா நிலமட்டம் வரைக்கும் செத்தாலும் வாறது அதே ரோசாதான். அந்த ஊருக்கு இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு.

நடுறது மே கடைசியில. லோங் வீக்கெண்டுக்கே எல்லாரும் ஓடுவினம், நீ அவசரப்படாதை, அதுக்குப் பிறகும் ஃப்ரொஸ்ற் விழும். உங்கட மண் பொல்லாத களி, ஒரு காலத்தில அகசி எண்ட பெரிய பனிக்கட்டி ஏரியின்ர அடியாம் அது. ஈரமா இருக்கேக்க கிண்டாதை, காய்ஞ்சு கல்லாப் போகும். கிடங்கை ஆழமா வெட்டுறதை விட அகலமா வெட்டு, வெட்டின மண்ணுக்குள்ளயே கொம்போஸ்ற்றைக் கலந்து போடு. நல்ல மண் பாக் வாங்கி கிடங்கு முழுக்கக் கொட்டாதை, சுத்திவர களி, நடுவில பொலபொலத்த மண் எண்டா தண்ணி வடியாம வாளிக்குள்ள நிண்ட மாதிரி வேர் அழுகும். தண்டு தொடங்கிற இடம் நிலத்துக்கு நாலு விரல் கீழ போகட்டும், அது குளிருக்குக் காவல்.

முதல் வருசம் கிழமைக்கு ஒருக்கா நல்லா ஆழமாத் தண்ணி விடு, இலையில படாம, காலமை. தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிக்கிற வேலை வேண்டாம். பசளை ஜூலையோட நிப்பாட்டு, இல்லாட்டி செப்ரெம்பர்ல இளங்கொப்பு விட்டுக்கொண்டு நிக்கேக்க குளிர் வந்து அடிக்கும். பூச்சி எண்டா, நீண்ட மூக்கோட சிவப்பும் கறுப்புமா ஒரு வண்டு வரும், மொட்டில ஓட்டை போடும், காலமை சோப்புத் தண்ணிக் கோப்பையைக் கீழ பிடிச்சுத் தட்டிவிட்டாக் காணும். அதைவிட முசல்தான் உபத்திரவம். விண்ரர்ல வேற ஒண்டும் இல்லாம கொப்பைக் கடிச்சுத் திண்டுபோடும், ஒக்ரோபர்லயே சுத்திவர கோழிக்கூட்டுக் கம்பி அடிச்சுவிடு.

மூடிக் கட்டவேண்டாம். ஸ்னோதான் போர்வை, நடைபாதையில அள்ளுற ஸ்னோவை அதுக்கு மேல போடு, உப்புப் போட்ட ஸ்னோ மட்டும் வேண்டாம்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். அடுத்த ஏப்ரல், மே வரேக்க நீ பாப்பாய், எல்லாக் கொப்பும் கபிலமா, கறுத்து, வத்தல் பிடிச்சு நிக்கும். உடன எனக்குப் படம் அனுப்பி அப்பா செத்துப்போச்சு எண்டு சொல்லுவாய், எனக்குத் தெரியும், மீன் தொட்டியிலயும் அப்பிடித்தான் செய்தனீ. பிடுங்கிப்போடாதை. நகத்தால கொஞ்சம் தோலைச் சுரண்டு, உள்ளுக்குப் பச்சை எண்டா அது உயிர், பச்சை தொடங்கிற இடம் மட்டும் வெட்டு. பச்சையே இல்லையெண்டா நிலத்தோட வெட்டிப்போட்டு ஜூன் நடு வரைக்கும் விடு. மோர்டன் கண்டு புதுக்கொப்பில பூக்கிறது, கொஞ்சம் பிந்தினாலும் அந்தக் கோடையிலயே பூ இருக்கும். ஃபோல்ல வெட்டாதை எண்டு அம்மாவும் சொல்லச் சொன்னவ, அவ சொன்னதில இது மட்டும் சரி.

ஊரில எங்களுக்கு ரோசா எண்டா நுவரெலியா, யாழ்ப்பாணத்து வெக்கைக்குச் செவ்வரத்தைதான் நிண்டுது. அதால நான் இதெல்லாம் இஞ்ச வந்துதான் பழகினது, உனக்குச் சொல்லித் தரேக்க ஏதோ பரம்பரைத் தோட்டக்காரன் மாதிரி எழுதுறன் எண்டு சிரிக்காதை.

இந்த வருசம் எங்களுக்கு வர ஏலாது, அம்மாவின்ர முழங்கால் ஒபரேசன் முடியவேணும். வாற வருசம் ஜூலையில வாறம். ஒரு கண்டு வாங்காதை, மூண்டு வாங்கி மூண்டடி இடைவெளி விட்டு வை. காசு குடுக்க முதல் லேபலைப் படம் எடுத்து அனுப்பு, நான் வேலைக்குப் போயிருந்தாலும் பாத்துச் சொல்லுவன்.

அப்பா