கூட்டு ஊசலில் 5 மில்லிமீட்டர்

ஆசிரியருக்கு,

கல்லூரி ஆய்வகங்களில் கூட்டு ஊசல் சோதனைக்கு (துளைகளிட்ட சட்டத்தைத் தொங்கவிட்டு ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தை அளப்பது) 9.8 மீ/வி² என்ற விடை வந்தே தீர வேண்டும் என்று மாணவர்களை நெருக்குவதை நிறுத்த வேண்டும். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 தான். 1821-லேயே சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் கோல்டிங்காம், புவியீர்ப்பை அளப்பதற்கான கேட்டர் ஊசலை ஆட்டி அளந்த ஊர் இது. விடைக்காக அளவீட்டைத் திருத்தினால் பிழை எங்கே நுழைந்தது என்பதே தெரியாமல் போகும்.

பெரும்பாலும் அது துளையில்தான் நுழைகிறது. சட்டத்தின் துளை வழியே கத்திமுனையை (சட்டத்தைத் தாங்கும் கூர்விளிம்பு) செருகித் தொங்கவிடும்போது, முனை தொடுவது துளையின் மேல் விளிம்பை. மாணவர்களோ ஈர்ப்பு மையத்திலிருந்து துளையின் நடுவரை அளக்கிறார்கள். துளையின் ஆரம் 5 மி.மீ. என்றால் இருபுறமும் சேர்ந்து 1 செ.மீ. குறைந்துவிடும். ஒரு மீட்டர் சட்டத்தை நுனியில் தொங்கவிட்டால் சமான நீளம் (மையத்தின் இருபுறமும் சமமற்ற தூரத்தில், ஒரே அலைவு நேரம் தரும் இரு தொங்கு புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) 66.7 செ.மீ. அதில் 1 செ.மீ. போனால் விடை 9.63 ஆகிறது.

அடுத்தது எண்ணிக்கை. ஸ்டாப் வாட்சை அழுத்தும்போது ‘ஒன்று’ என்று தொடங்கினால் 19 அலைவுகளை 20 என்று எழுதிவிடுவோம், விடை 10.8-க்குப் போய்விடும். ‘சுழி’ என்றே தொடங்க வேண்டும். அதுவும் ஊசல் நடுநிலையை வேகமாகக் கடக்கும்போது. ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் கணம் பிடிபடாது. நுனியில் அலைவு நேரம் 1.64 வினாடி. 20 அலைவுகளில் கை 0.2 வினாடி தாமதித்தால் விடையில் 1.2 சதவீதம் பிசகும். 50 அலைவுகள் எடுத்தால் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். வீச்சு 5 பாகைக்குள் இருக்கட்டும். 15 பாகையில் ஆட்டினால் விடை கிட்டத்தட்ட 0.9 சதவீதம் குறையும். சுவர்த் தாங்கி ஆடுகிறதா என்று முதலிலேயே கைவைத்துப் பாருங்கள்.

வரைபடத்தையும் மாற்ற வேண்டும். தூரத்துக்கு எதிராக அலைவு நேரத்தைக் குறிக்கும் வழக்கமான இரட்டை வளைகோட்டில், மையத்திலிருந்து 29 செ.மீ. அருகே அலைவு நேரம் குறைந்தபட்சமாக 1.53 வினாடியில் தட்டையாகிவிடுகிறது. அங்கே, சமான நீளம் காண வரையும் கிடைக்கோடு வளைகோட்டை எங்கே வெட்டுகிறது என்பது பென்சிலின் தடிமனைப் பொறுத்தது. தூரத்தின் வர்க்கத்தை நிலை அச்சிலும், தூரம் பெருக்கல் அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் வைத்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வை 39.48-ஆல் பெருக்கினால் முடுக்கம். வெட்டுத்துண்டிலிருந்து சுழற்சி ஆரம் (ஈர்ப்பு மையத்தைச் சுற்றி நிறை எவ்வளவு பரவியுள்ளது என்பதன் அளவு). தவறான புள்ளி கோட்டை விட்டு விலகித் தானே காட்டிக்கொடுக்கும்.

9.63 என்று எழுதி, காரணம் துளை என்று கண்டுபிடித்த மாணவருக்கு முழு மதிப்பெண் தருமாறு தேர்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

– இயற்பியல் ஆசிரியர்கள், சென்னை